ஒரே இடம், மூன்று சதவீதம்: ஐவஸ் அளவுகளில் எதை நம்புவது?

குறுக்குவெட்டு எழுதியது:

விவாதத்துக்காக ஓர் ஐவஸ் பதிவை, அதாவது இதயக் குழாய்க்குள்ளிருந்து எடுத்த அல்ட்ராசவுண்ட் பதிவை, முன்வைக்கிறேன். எல்ஏடி நடுப்பகுதி. (எல்ஏடி: இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் இடது கொரோனரிக் கிளை.) 40 மெகாஹெர்ட்ஸ் சுழலும் கதீட்டர், வினாடிக்கு 0.5 மி.மீ. வேகத்தில் தானியங்கி புல்பேக், அதாவது பின்னோக்கி இழுத்தபடியே பதிவு. ஆஞ்சியோவில் (சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில்) நடுத்தர அடைப்பு. ஒருவர் "இருக்கிறது" என்பார், இன்னொருவர் "பெரிதாக ஒன்றுமில்லை" என்பார். அந்த ரகம்.

எண்கள், எல்லாம் ச.மி.மீ. (சதுர மி.மீ.) கணக்கில். லுமென் என்பது ரத்தம் ஓடும் உள்வெளி; ஒப்பீட்டுப் பகுதி என்பது அடைப்புக்கு மேலும் கீழும் உள்ள, ஓரளவு நல்ல இடம்:

மேல் ஒப்பீட்டுப் பகுதி: லுமென் 9.2, ஈஈஎம் 16.0
மிகக் குறுகிய இடம்: லுமென் 3.6, ஈஈஎம் 15.8
கீழ் ஒப்பீட்டுப் பகுதி: லுமென் 7.2, ஈஈஎம் 12.8

புதியவர்களுக்கு ஒரு வரி: குழாய்ச் சுவரின் நடு அடுக்கான மீடியா படத்தில் மெல்லிய கறுப்பு வளையமாகத் தெரியும். அதற்கு வெளியே வெளி அடுக்கான அட்வெண்டிஷியா வெளுப்பாகத் தொடங்கும் கோடுதான் ஈஈஎம். அதாவது ரத்தக்குழாயின் உண்மையான அளவு.

சிக்கல் இதுதான். அதே பிரேமை இன்னொருவர் வரைந்தால் லுமென் 4.3 வருகிறது. அறிக்கைப் படிவத்திலோ "4.0-க்குக் கீழ் எனில் குறிப்பிடத்தக்க அடைப்பு" என்று அச்சாகியிருக்கிறது. ஒருவர் வரைந்தால் ஸ்டென்ட் உண்டு, இன்னொருவர் வரைந்தால் இல்லை. யார் சரி?

அலைநீளம் எழுதியது:

3.6-க்கும் 4.3-க்கும் உள்ள வித்தியாசம் பரப்பளவில் பெரிதாகத் தெரிகிறது. விட்டமாக மாற்றிப் பாருங்கள்: 2.14 மி.மீ., 2.34 மி.மீ. வித்தியாசம் 0.2. ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ.

இப்போது கருவியின் பக்கம் வாருங்கள். திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1540 மீட்டர். 40 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.038 மி.மீ. ஒரு துடிப்பு என்பது ஒற்றை அலை அல்ல, சில அலைகள் சேர்ந்தது. ஆகவே ஆரத் திசையில் பிரித்தறியும் திறன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அளவில்தான் நிற்கிறது. இருவருக்கும் இடையிலான தகராறு முழுவதும் அந்தக் கருவியின் ஒரு மயிரிழைக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனாலும் ஒரு விதி உண்டு. எல்லையை எப்போதும் எதிரொலியின் முன்விளிம்பில், அதாவது கதீட்டரைப் பார்த்த விளிம்பில் வரைய வேண்டும். சுவரின் உள் அடுக்கான இன்டிமாவின் வெளிச்சக் கோட்டுக்கு ஒரு தடிமன் இருக்கிறது, அது கெயினைக் (எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவைக்) கூட்டினால் கூடும். கோட்டின் நடுவிலோ பின்விளிம்பிலோ வரைபவருக்கு லுமென் பெரிதாகத்தான் வரும். 4.3 வரைந்தவர் கோட்டின் எந்தப் பக்கத்தில் வரைந்தார் என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று: பக்கவாட்டில் பிரித்தறியும் திறன் இதைவிட மோசம், கதீட்டரிலிருந்து தூரம் போகப் போக இன்னும் மோசம். கதீட்டர் ஒரு சுவரை ஒட்டிக் கிடந்தால் எதிர்ச்சுவரின் கோடு மங்கலாகத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லை வரையும் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். 3.6-ஐயே ஏற்றுக்கொண்டாலும் "எத்தனை சதவீத அடைப்பு" என்ற கேள்விக்கு மூன்று விடை வரும்.

பரப்பளவுக் குறுக்கம்: இரு ஒப்பீட்டு லுமென்களின் சராசரி 8.2. அதிலிருந்து 3.6 போக 4.6. 4.6-ஐ 8.2-ஆல் வகுத்தால் 56 சதவீதம்.

அதையே விட்டமாகப் பார்த்தால், அதாவது ஆஞ்சியோ பார்க்கும் கண்ணால் பார்த்தால், 34 சதவீதம். வட்டத்தின் கணக்கு அப்படி. 50 சதவீத விட்டக் குறுக்கம் என்றாலே 75 சதவீதப் பரப்பளவு போய்விட்டது என்று பொருள்.

பிளேக் (குழாய்ச் சுவரில் சேர்ந்த படிவு) சுமை: அதே இடத்தின் ஈஈஎம் 15.8-இல் லுமென் 3.6 போக மீதி 12.2. அது 15.8-இல் 77 சதவீதம்.

34, 56, 77. மூன்றுமே சரி, மூன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை. முதல் இரண்டும் இந்த இடத்தை அண்டை இடங்களோடு ஒப்பிடுகின்றன. மூன்றாவது ஒரே குறுக்குவெட்டுக்குள், குழாயில் எவ்வளவு இடத்தைப் பிளேக் பிடித்திருக்கிறது என்று சொல்கிறது. இதற்கு ஒப்பீட்டுப் பகுதியே தேவையில்லை.

இன்னும் ஒன்று கவனியுங்கள். மேல் ஒப்பீட்டுப் பகுதியில் பிளேக் சுமை 42.5 சதவீதம், கீழே 43.75. ஆஞ்சியோ "நார்மல்" என்று காட்டும் இடம் இது! கிளாகோவ் குழு 1987-இல் சொன்னதுதான்: பிளேக் ஏறத்தாழ 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுத்து லுமெனைக் காப்பாற்றிவிடும். இந்தப் பதிவிலும் குறுகிய இடத்தின் ஈஈஎம், ஒப்பீட்டுச் சராசரியான 14.4-ஐவிடப் பெரிது. விகிதம் 1.10. வெளிநோக்கிய விரிவு.

நாடிவிரல் எழுதியது:

இந்த மூன்றும் அறிக்கையில் குழம்பும் விதம்தான் பயமாக இருக்கிறது. "77 சதவீத அடைப்பு" என்று ஒரு வரி போனால், படிப்பவர் அதை ஆஞ்சியோவின் 77 என்றே எடுத்துக்கொள்வார். அது கிட்டத்தட்ட மூடிய குழாய் என்று பொருள்படும். பிளேக் சுமையை "அடைப்பு" என்ற சொல்லால் எழுதவே கூடாது.

உப்புநீர் எழுதியது:

எல்லோரும் கோடு வரைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். படம் சரியாக வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டாமா? மோசமான புல்பேக்கில் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது மோசமான அளவுதான்.

சுழலும் கதீட்டருக்கான வரிசை:

கதீட்டரை உடலுக்குள் விடுவதற்கு முன்பே ஹெபாரின் கலந்த உப்புநீரால் உறையை முழுக்க ஃப்ளஷ் செய்ய வேண்டும். ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் உறைக்குள்தான் சுழல்கிறது. உறைக்கும் அதற்கும் நடுவே ஒரு சிறு காற்றுக்குமிழி இருந்தாலும் ஒலி வெளியே போகாது. படம் முழுக்க இருண்டு போகும், அல்லது ஒரு ஆப்புத் துண்டு மட்டும் காணாமல் போகும். சிறிய சிரிஞ்சில்தான் அழுத்தம் நன்றாகக் கிடைக்கும். உள்ளே போனபின் படம் திடீரென்று மங்கினால் கெயினைத் தொடாதீர்கள், முதலில் மறுபடி ஃப்ளஷ். ஆனால் அப்போது கதீட்டர் கைடிங்குக்குள் (அதை வழிநடத்தும் வெளிக்குழாய்க்குள்) இருக்கட்டும், கொரோனரிக்குள் காற்றைத் தள்ளிவிடக் கூடாது.

ஹெபாரின் முழு அளவு கொடுத்து ஏசிடி (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 250 வினாடிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 100 முதல் 200 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரின் நேராகக் கொரோனரிக்குள். இதைத் தவிர்த்தால் ஸ்பாசத்தை (குழாய் தற்காலிகமாக இறுகுவதை) அடைப்பென்று அளந்துவிடுவோம். ஐவஸில் அதிகம் பார்க்கும் சிக்கலே ஸ்பாசம்தான்.

0.014 அங்குல வயரின் மேல் டிரான்ஸ்டியூசரைக் குறுகிய இடத்தைத் தாண்டிக் குறைந்தது 10 மி.மீ. கீழே கொண்டுபோக வேண்டும். கதீட்டரின் நுனி வேறு, டிரான்ஸ்டியூசர் வேறு. சுழலும் வகைகளில் இரண்டுக்கும் நடுவே 2 செ.மீ. வரைகூட இருக்கலாம். நுனியைப் பார்த்து "தாண்டிவிட்டது" என்று புல்பேக் தொடங்கினால் கீழ் ஒப்பீட்டுப் பகுதியே பதிவில் இருக்காது.

புல்பேக் பாதியில் நிற்கக் கூடாது, அயோர்ட்டா வரை ஓடட்டும். தொடக்க இடத்தில் கைடிங் கதீட்டரைச் சற்றே வெளியே இழுத்து வையுங்கள். இல்லையென்றால் ஆஸ்டியத்தை (குழாயின் வாயை) அளக்கிறோம் என்று நினைத்துக் கைடிங்கின் உள்விட்டத்தை அளந்துகொண்டிருப்போம்.

குறுக்குவெட்டு எழுதியது:

நன்றி. மூலப் பதிவில், கடிகார முகப்பாகப் பார்த்தால் 3 மணி முதல் 5 மணி வரையான இடத்தில், படம் இழுத்தது போலவும் எதிர்ப்பக்கம் நசுங்கியது போலவும் இருக்கிறது. இது காற்றா?

உப்புநீர் எழுதியது:

இல்லை, அது சீரற்ற சுழற்சி. வினாடிக்கு 30 சுற்று சுழலும் தண்டு எங்கோ உரசுகிறது. ஒரு பகுதியில் மெதுவாகவும் மறு பகுதியில் வேகமாகவும் சுழல்வதால் படம் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்கும். முதல் சந்தேகம் கைடிங்கின் வெளி முனையில் உள்ள ஒய் கனெக்டரின் வால்வு மேல். அதை இறுக்கி முறுக்கியிருப்பார்கள், சற்றுத் தளர்த்தினாலே பாதி நேரம் சரியாகிவிடும். அடுத்து, உடலுக்கு வெளியே கதீட்டர் சுருண்டு கிடக்கிறதா, மோட்டார் பெட்டி கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் குழாயின் வளைவுதான் காரணம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பிரேமில் மட்டும் பரப்பளவை எழுதாதீர்கள்.

ஒரு ஆறுதல்: 0.5 மி.மீ. வேகத்தில் வினாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு மி.மீ.க்கு 60 பிரேம். பக்கத்திலேயே நல்ல பிரேம் கிடைக்கும்.

நாடிவிரல் எழுதியது:

சுழலாத வகையில் இந்தத் தொல்லையே இல்லையே? 64 சிறு கூறுகள் வட்டமாக அடுக்கிய 20 மெகாஹெர்ட்ஸ் கதீட்டரில் ஃப்ளஷ் வேண்டாம், வயரின் நிழலும் விழாது.

அலைநீளம் எழுதியது:

இல்லைதான். பதிலுக்கு வேறு தொல்லை. துடிப்பை அனுப்பியபின் கூறுகள் சில கணம் அதிர்ந்துகொண்டே இருப்பதால் கதீட்டரைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் விழும். அதை மென்பொருள் முகமூடி போட்டுக் கழிக்கிறது. அந்த முகமூடியைக் கதீட்டர் அயோர்ட்டாவில், எந்தச் சுவரையும் தொடாமல் இருக்கும்போது எடுக்க வேண்டும். குறுகிய இடத்துக்குள் வைத்து எடுத்தால், கதீட்டரை ஒட்டியிருக்கும் உண்மையான திசுவையும் சேர்த்து அழித்துவிடும். அப்புறம் லுமென் பெரிதாகத் தெரிகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கலாம்.

அதிர்வெண்ணைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 60 மெகாஹெர்ட்ஸில் விளிம்பு கூர்மையாக வரும், ஆனால் ரத்தத்தின் புள்ளிகளும் பளிச்சென்று வரும். கடுமையான அடைப்புக்குப் பின்னால் ரத்தம் தேங்கி நிற்கும் இடத்தில் அது மென்மையான பிளேக் போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் படம் ஓடும்போதே கைடிங் வழியாகக் கொஞ்சம் உப்புநீர் தள்ளுங்கள். கறுத்துக் கழுவப்பட்டால் ரத்தம், அப்படியே நின்றால் திசு.

பழையபாடம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் 4.0 என்ற எல்லை சும்மா வந்ததல்ல. அதை வைத்துத்தான் எத்தனையோ பேருக்குச் சிகிச்சை முடிவானது. இப்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டு "மயிரிழை" என்று பேசினால் முடிவை எப்படி எடுப்பது?

நாடிவிரல் எழுதியது:

எறியச் சொல்லவில்லை சார். அது எதற்காக வந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 4.0 வந்த காலத்தில் அது சொன்னது, "இதற்கு மேல் இருந்தால் ஸ்டென்ட் வைக்காமல் விட்டாலும் பயமில்லை" என்பது. "இதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட் வை" என்று அதைத் திருப்பிப் போட்டது நாம்தான். கீழே உள்ளவற்றில் பாதிக்குப் பாதி, பிரஷர் வயர் (குழாய்க்குள் அழுத்தம் அளக்கும் கம்பி) வைத்துப் பார்த்தால் ரத்த ஓட்டத்தைத் தடுப்பதே இல்லை.

அந்த வயர் தரும் எஃப்எஃப்ஆரோடு (அடைப்புக்குக் கீழுள்ள அழுத்தம் மேலுள்ளதில் எத்தனை பங்கு என்ற விகிதத்தோடு) ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகளில் எல்லை 4.0-க்குக் கீழேயே வந்தது: 2013-இல் ஃபர்ஸ்ட் பதிவேட்டில் 3.07, கொரிய ஆய்வில் 2.4. ஒரே எண்ணில் நிற்காததற்குக் காரணம் எளிது. 3.5 ச.மி.மீ. ஓட்டை, பெரிய எல்ஏடியின் தொடக்கத்தில் இருந்தால் நெருக்கடி, சிறிய டயகனல் கிளையில் இருந்தால் அதுதான் அதன் இயல்பான அளவு. அடைப்பின் நீளம், கீழே எவ்வளவு தசை இந்தக் குழாயை நம்பியிருக்கிறது, இதெல்லாம் அந்தப் பரப்பளவு எண்ணில் கிடையாது.

2022-இல் வந்த ஃபிளேவர் ஆய்வைப் பாருங்கள். 1682 நோயாளிகள், 40 முதல் 70 சதவீத அடைப்பு. ஒரு பாதிக்கு எஃப்எஃப்ஆர் 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஸ்டென்ட். மறு பாதிக்கு ஐவஸ் முடிவு: லுமென் 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஸ்டென்ட், 3-க்கும் 4-க்கும் இடையில் என்றால் பிளேக் சுமை 70-ஐத் தாண்டினால் மட்டும். இரண்டு ஆண்டுகளில் பாதிப்பு 8.1, 8.5 சதவீதம். கிட்டத்தட்ட சமம். ஆனால் ஸ்டென்ட் வைத்தது எஃப்எஃப்ஆர் பக்கம் 44.4 சதவீதம், ஐவஸ் பக்கம் 65.3.

அந்த விதியை இந்தப் பதிவில் பொருத்தினால் 3.6, பிளேக் சுமை 77: ஸ்டென்ட். 4.3 என்றால் இல்லை. நம் இருவர் கோட்டுக்கும் நடுவில்தான் எல்லையே ஓடுகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் மறுபடி மறுபடி வரைவதில் பயனில்லை, பிரஷர் வயரை எடுப்பதுதான் வேலை.

பழையபாடம் எழுதியது:

நடுத்தர அடைப்புக்கு ஒப்புக்கொள்கிறேன். லெஃப்ட் மெயினுக்கு, அதாவது எல்ஏடியும் சர்க்கம்ஃப்ளெக்ஸும் பிரியும் தாய்க்குழாய்க்கு? அங்கே 6.0 என்பதிலாவது குழப்பம் இல்லையே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அங்கேயும் உண்டு. லித்ரோ ஆய்வு 2011-இல் 6.0-ஐ எல்லையாக வைத்து, மேலே உள்ளவர்களை விட்டுவைத்ததில் பாதகமில்லை என்று காட்டியது. கொரியாவிலிருந்து 2014-இல் வந்த எண் 4.5. ஒரு வேடிக்கைக் கணக்கு போட்டுப் பாருங்கள். கிளைகளின் ஆரத்தின் கன அளவைக் கூட்டினால் தாய்க்குழாயின் கன அளவு கிடைக்கும் என்பது மரேயின் விதி. இரு கிளைக்கும் 4.0 வைத்தால் லெஃப்ட் மெயினுக்கு 6.35 வருகிறது. 3.0 வைத்தால் 4.76. ஆக, கிளைகளுக்கு எந்த எல்லையை நம்புகிறீர்களோ அதற்கேற்ப மேலேயும் மாறும்.

நடைமுறையில் 6.0-க்கு மேல் என்றால் விடலாம், 4.5-க்குக் கீழ் என்றால் கவலைப்படலாம், நடுவில் என்றால் பிரஷர் வயர்.

உப்புநீர் எழுதியது:

லெஃப்ட் மெயினில் ஒரு புல்பேக் போதாது, எல்ஏடியிலிருந்து ஒன்று, சர்க்கம்ஃப்ளெக்ஸிலிருந்து ஒன்று. எல்ஏடியிலிருந்து வரும்போது சர்க்கம்ஃப்ளெக்ஸின் வாய் சாய்ந்து வெட்டுப்படும், அதை அளக்கவே கூடாது. வாழைத்தண்டைச் சாய்த்து வெட்டினால் வட்டம் நீள்வட்டமாகிப் பெரிதாவது போலத்தான். 30 டிகிரி சாய்வு பரப்பளவை 15 சதவீதம் கூட்டிக் காட்டும். லெஃப்ட் மெயின் தண்டுக்கு இரண்டு புல்பேக்கிலும் கிடைப்பதில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவெட்டு எழுதியது:

கால்சியம் இருந்தால் ஈஈஎம்மை எப்படி வரைகிறீர்கள்? இந்தப் பதிவின் மேல் பகுதியில் ஏறத்தாழ 120 டிகிரி கால்சியம் இருக்கிறது.

அலைநீளம் எழுதியது:

கால்சியத்தில் ஒலி திரும்பிவிடும், பின்னால் நிழல். அந்த நிழலில் ஈஈஎம் தெரியாது. நிழல் 90 டிகிரிக்குள் இருந்தால் இரு பக்கக் கோடுகளையும் வளைவாக இணைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் ஈஈஎம் எழுதாமல் விடுவதே நேர்மை. உங்கள் 120-க்கு வேறு பிரேம் தேடுங்கள். மென்பொருள் தானாகவே ஒரு கோடு போட்டுத் தரும், அதை நம்பவே வேண்டாம், நிழலுக்குள் அது கற்பனைதான் செய்கிறது.

கால்சியத்தின் தடிமனும் ஐவஸில் தெரியாது. முன்விளிம்பு மட்டும்தான். தடிமன் வேண்டுமென்றால் ஓசிடி, அதாவது ஒளியால் படமெடுக்கும் முறை. அது 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை பிரித்துக் காட்டும், ஆனால் ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் ஊடுருவாது, ரத்தத்தைக் கழுவ வேண்டியும் இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்குக் கான்ட்ராஸ்ட் சாயத்தை மிச்சப்படுத்த ஐவஸ்தான் வசதி.

நாடிவிரல் எழுதியது:

ஸ்டென்ட் வைப்பதற்குமுன் கால்சியத்தைக் கணக்கிட நான்கு அம்சம் பாருங்கள்: 270 டிகிரிக்கு மேற்பட்ட மேற்பரப்புக் கால்சியம் 5 மி.மீ.க்கு மேல் நீள்வது, எங்காவது 360 டிகிரி முழு வளையம், கால்சிய முடிச்சு, குழாய் 3.5 மி.மீ.க்குச் சிறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இரண்டோ அதற்கு மேலோ வந்தால், முதலில் கால்சியத்தை உடைக்கும் வழியைப் பாருங்கள். உடைக்காமல் வைத்த ஸ்டென்ட் விரியாது. விரியாத ஸ்டென்ட்டைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

பழையபாடம் எழுதியது:

சரி, பிரஷர் வயர் 0.76 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களுக்கு எந்த அளவு ஸ்டென்ட்?

நாடிவிரல் எழுதியது:

முதலில் இறங்கும் இடம், அதாவது ஸ்டென்ட்டின் முனைகள் அமரும் இடம். இரு முனையிலும் பிளேக் சுமை 50 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். இங்கே 42, 44, சரிதான். கீழ் லுமென் 7.2 என்றால் விட்டம் 3.03. ஈஈஎம் 12.8 என்றால் 4.04. லுமென் கணக்கில் 3.0, ஈஈஎம் கணக்கில் 4.0! இந்த இடைவெளியில்தான் சண்டை. 3.25-இல் வைத்து, மேல் பகுதியை 3.75 என்சி (அழுத்தத்தில் அளவு மீறி உப்பாத) பலூனால் விரிப்பேன். அங்கே ஈஈஎம் விட்டம் 4.5, இடம் இருக்கிறது.

அதன்பின் மறுபடி புல்பேக். பலூன் அட்டையில் 3.25 மி.மீ.க்கு 8.3 ச.மி.மீ. என்று கணக்கு வரும், ஆனால் பிளேக் சூழ்ந்த குழாய்க்குள் அது வராது. குறைந்தபட்ச ஸ்டென்ட் பரப்பளவு இங்கே 6.5-ஐத் தொட வேண்டும். ஒப்பீட்டுச் சராசரியின் 80 சதவீதமும், கீழ் ஒப்பீட்டு லுமெனின் 90 சதவீதமும் அங்கேதான் சந்திக்கின்றன. அல்டிமேட் ஆய்வின் இலக்கு, 5.0-க்கு மேல் அல்லது கீழ் லுமெனின் 90 சதவீதம். முனையிலிருந்து 5 மி.மீ.க்குள் பிளேக் சுமை 50-க்குக் கீழ்; மீடியாவைத் தொட்டு 3 மி.மீ.க்கு மேல் நீளும் கிழிசல் இல்லை. அந்த 1448 பேரில் ஓராண்டில் சிகிச்சை தோற்றது ஐவஸ் பக்கம் 2.9 சதவீதம், ஆஞ்சியோ மட்டும் பார்த்த பக்கம் 5.4. ஐவஸில் நமக்குக் கிடைக்கும் பெரிய பலன் "வைக்கலாமா" என்ற கேள்வியில் இல்லை, "சரியாக வைத்தோமா" என்ற கேள்வியில்தான்.

உப்புநீர் எழுதியது:

அந்த இரண்டாவது புல்பேக்குக்கு ஒரு எச்சரிக்கை. புதிதாக வைத்த ஸ்டென்ட் வழியாகக் கதீட்டரை வெளியே இழுக்கும்போது, நுனியில் வயர் ஓடும் பாதை குட்டையாக இருப்பதால் வயர் வளைந்து கம்பியில் மாட்டலாம். தடை தெரிந்தால் இழுக்காதீர்கள். கதீட்டரைச் சற்று முன்னே தள்ளி, ஃப்ளூரோவில் (நேரடி எக்ஸ்ரேயில்) பார்த்து வயரின் மடிப்பை நேராக்கிவிட்டு, வயரை அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுங்கள். வலுக்கட்டாயமாக இழுத்தால் ஸ்டென்ட்டின் முனை நசுங்கும்.

குறுக்குவெட்டு எழுதியது:

பழைய பிரேமை முன்விளிம்பில் மறுபடி வரைந்தேன், 3.8 வந்தது. அறிக்கையை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"எல்ஏடி நடுப்பகுதி. குறைந்தபட்ச லுமென் பரப்பளவு 3.8 ச.மி.மீ., இரு வாசிப்புகள் 3.6 மற்றும் 4.3. பரப்பளவுக் குறுக்கம் 54 சதவீதம். பிளேக் சுமை 76 சதவீதம், இது அடைப்பின் சதவீதம் அல்ல. வெளிநோக்கிய விரிவு உண்டு. மேல் ஒப்பீட்டுப் பகுதி, கால்சிய நிழல் 90 டிகிரிக்குள் இருக்கும் பிரேமில் மறுபடி அளக்கப்பட்டது, மதிப்பு மாறவில்லை. ஓட்டத்தின் மீதான விளைவை அறியப் பிரஷர் வயர் பரிந்துரை."

நாடிவிரல் எழுதியது:

நன்று. நைட்ரோகிளிசரின் எவ்வளவு, புல்பேக்குக்கு எத்தனை நிமிடம் முன்பு என்பதையும் முதல் வரியில் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க நேர்ந்தால் இரு பதிவுகளையும் ஒப்பிட அதுதான் முதலில் தேவைப்படும்.